பேச்சியம்மாளின் பழைய கார்டு

ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இன்னும் பழைய கிளையிலிருந்து யாராவது எதையாவது கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். போன மாதம் ரம்யா கூப்பிட்டாள். கார்டு பிரிவில் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது இருப்பவள் அவள்.

"அக்கா, ஒரு கஸ்டமருங்க. கிரெடிட் கார்டு களவு போயிருச்சாமா. மாத்திக் குடுத்தா சிபில் ஸ்கோர் எறங்கிருமான்னு பயந்துட்டு நிக்கறாருங்க. என்னன்னு சொல்றதுங்க?"

"எறங்காதுன்னு சொல்லு. கணக்கு அதேதான், நம்பர் மட்டுந்தான் மாறுது. கரண்டு பில்லு, போன் பில்லுன்னு அந்த நம்பர்ல தானாப் போற மாதிரி எதாச்சும் வெச்சிருந்தா, புது நம்பரைக் குடுத்து மாத்திக்கச் சொல்லு. அதை மறந்து தவணை தவறுனாத்தான் வம்பு. களவாண்டவன் எதாச்சும் வாங்கியிருக்கானான்னு பாத்து, இருந்தா இன்னைக்கே புகார்ப் படிவத்தை அனுப்பிரு. இன்னைக்கே."

"சரிங்க்கா." கொஞ்சம் தயங்கினாள். "இன்னொண்ணுங்க்கா. தொலைஞ்ச கார்டுக்கு மூடற கோரிக்கையை எழுதவே கூடாதுன்னு எங்களையெல்லாம் அப்படித் திட்டுவீங்களே. எதுக்குங்க்கா அத்தனை கோவம்?"

"அடுப்புல பால் வெச்சிருக்கேன் சாமி, அப்புறம் பேசறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. ரம்யாவுக்கு அப்போது சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தவள். பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் எங்களுக்கு வயல். வங்கி வேலைக்குப் போன முதல் பெண் எங்கள் வீட்டில் நான்தான். பேரேடு, காசாளர் கூண்டு, நகைக் கடன் தராசு என்று பதினைந்து வருடம் ஓடியது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, பரீட்சை எழுதி அதிகாரியானேன். கிரெடிட் கார்டு புழக்கத்துக்கு வந்தபோது அந்தப் பிரிவுக்கு ஆள் இல்லாமல் என்னைத் தூக்கிப் போட்டார்கள். வேலையை நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசி மாற்றல்களில் ஒன்று இடுக்கிக்கு. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். வங்கியின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்லாமல் விடுகிறேன், அங்கே இன்னும் நல்லவர்கள் வேலை செய்கிறார்கள். வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். தோட்டத்திலும் ஃபாக்டரியிலும் ஓட்டல்களிலும் வேலை பார்ப்பவர்கள். நான் பேசுகிற "வாங்க, போங்க, ஏனுங்க"வைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் மலையாளத்தில் அச்சடித்த படிவத்தை நீட்டும்போது என் மேசைக்குத்தான் வருவார்கள்.

கிளை மேலாளர் வேணு சார். ஒருநாளும் குரல் உயர்த்தாத மனிதர். காலையில் வந்ததும் மேசைக் கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைப்பார், பேனாவையும் ஸ்கேலையும் இணையாக வைப்பார், அதற்குப் பிறகுதான் உட்காருவார். படிவத்தில் பிழை இருந்தால் சிவப்பில் சுழிக்க மாட்டார். ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். என்ன பிழை என்று நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கார்டு வேலையின் நுணுக்கத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

கார்டு தொலைந்தது என்று ஒருவர் வந்தால், முதலில் அதை முடக்க வேண்டும். அவர் உட்காருவதற்கு முன்னாலேயே. பிறகு திரையில் இரண்டு வழி வரும். ஒன்று, "தொலைந்தது, மாற்றிக் கொடு." இதில் பழைய கணக்கு அப்படியே உயிரோடு இருக்கும். எத்தனை வருடம் ஒழுங்காகக் கட்டினார் என்ற வரலாறு முழுக்கப் புது நம்பருக்குப் போய்விடும். இன்னொன்று, "வாடிக்கையாளர் கேட்கிறார், மூடு." இதில் பழைய கணக்கு முடிந்தது. புது கார்டு வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பம், புதிதாக விசாரணை, ஒன்றாம் நாளிலிருந்து புதுக் கணக்கு. கார்டைக் கையில் வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கடன் விவரம் பார்க்கிறவனுக்கு ஒன்று பழகிய ஆள், மற்றது நேற்று வந்த ஆள்.

"தங்கமணீ, கார்டு போயால் ஆளு மரிச்சிட்டில்லா. சட்டை மாறியதே உள்ளூ" என்பார் வேணு சார். கார்டு போனால் ஆள் சாகவில்லை, சட்டைதான் மாறியது என்று அர்த்தம்.

அதே மனிதர் மாதத்தின் கடைசி வாரத்தில் வேறொன்று செய்வார். விசிட்டிங் கார்டு அளவுக்கு வெள்ளைத் தாளை வெட்டி, புது கார்டு கொடுப்பதில் மாத இலக்குக்கு நாம் எத்தனை குறைவு என்பதைப் பென்சிலால் எழுதி, மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் அந்தத் தாளை வாங்காத மாதமே இருந்ததில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கத்தான் பயம்.

பேச்சியம்மாள் வந்த அன்று என் மேசையில் கவிழ்த்து வைத்த தாளில் "ஒன்று" என்று எழுதியிருந்தது.

அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு ரிசார்ட்டில் அறைகளைக் கவனிக்கும் பெண்களுக்கு மேற்பார்வையாளர். சம்பளக் கணக்கு எங்களிடம். ஏழு வருடமாகக் கார்டு வைத்திருந்தாள், ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அப்பா தேயிலை ஃபாக்டரியில் வேலை. எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டில் குடியிருந்தார்கள்.

"மேடம், கார்டு போயிட்டு" என்றாள். பின்னால் அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

நான் முதலில் கார்டை முடக்கினேன். பிறகு நடந்ததைக் கேட்டேன். அவள் போனின் கண்ணாடி உடைந்திருந்தது. அப்பா போடிக்கு ஒரு விசேஷத்துக்குப் போனார். போனையும், ரிப்பேர் கூலிக்குக் கார்டையும் அவர் கையில் கொடுத்து அனுப்பினாள். தட்டினாலே பணம் போகும், ரகசிய எண் வேண்டாம் என்பதால் கொடுத்தாளாம். பஸ்ஸில் பையோடு போய்விட்டது. மகளிடம் சொல்லப் பயந்து, "கடையில குடுத்திருக்கேன், நாலு நாள் ஆவுமாம்" என்று சொல்லிவிட்டு, மனிதர் தினமும் போடிக்கு இறங்கி பஸ் ஸ்டாண்டில் தேடியிருக்கிறார். நாலாவது நாள்தான் வாயைத் திறந்தார்.

"சிம் கார்டு?" என்றேன்.

"அது தேனில மாமா பையன் பேர்ல எடுத்தது மேடம். அவன் துபாய்ல இருக்கான், அவன் வராம அதே நம்பர் கெடைக்காது. புது சிம் வாங்கிட்டேன். இந்த நம்பரப் போட்டுக்கோங்க."

திரையில் அவள் கணக்கைத் திறந்தேன். பாக்கி எதுவும் இல்லை. ஆனால் இன்னும் கணக்கில் ஏறாமல் இரண்டு செலவுகள் காத்திருந்தன. ஒன்று பெட்ரோல் பங்க், இன்னொன்று ஒரு செருப்புக் கடை. இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல புடவையின் விலைகூட வராது. "இது நாங்க இல்ல மேடம்" என்றாள். புகார்ப் படிவத்தில் கையெழுத்து வாங்கினேன்.

அதுவரை எல்லாம் முறைப்படி. அடுத்து நான் அழுத்தியிருக்க வேண்டியது "மாற்றிக் கொடு."

கவிழ்ந்து கிடந்த தாள் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. மூடிவிட்டுப் புதிதாகக் கொடுத்தால் அது ஒரு புது கார்டு. தாளில் இருந்த "ஒன்று" தீர்ந்துவிடும். பாக்கி இல்லாத கணக்கு என்பதால் மூடுவதற்குத் தடையில்லை. ஒரே ஒரு தடைதான். புகார் பதிவானால் அது தீரும்வரை கணக்கை மூட முடியாது. ஆகவே படிவத்தை உடனே அனுப்பாமல் ஃபைலில் வைத்தேன். புது கார்டு வந்த பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரையில் "மூடு" என்பதை அழுத்திவிட்டு, புது விண்ணப்பத்தை அவள் முன்னால் நீட்டினேன்.

"இதுலயும் கையெழுத்துப் போடுங்க."

"இது என்னது மேடம்?"

"கார்டு மாத்தறதுக்குத்தானுங்க."

அவள் படிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். "வேற எதும் செய்யணுமா?" என்று கேட்டாள். "ஒண்ணும் வேண்டாம், பழசு முடிஞ்சுது. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அந்த மாதம் எங்கள் கிளைக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதில் என் பெயரும் இருந்தது. புகார்ப் படிவத்தை நான் மறந்துபோனேன். சும்மா மறந்தேன் என்று சொல்ல முடியாது. அடுத்த வாரம் ஒருமுறை நினைவு வந்தது. இப்போது அனுப்பினால் ஏன் இத்தனை நாள், ஏன் மூடினீர்கள் என்று கேட்பார்களே என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டதுதான் மறந்துபோயிற்று.

ஒன்றரை வருடம் கழித்து அவள் மறுபடி வந்தாள். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கடன் அறிக்கை. அப்பா ஓய்வு பெறப் போகிறார், லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பூப்பாறைக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒரு சின்ன வீடு பார்த்து முன்பணமும் கொடுத்திருந்தாள். வீட்டுக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனம் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டது.

"ஸ்கோர் கம்மியாம் மேடம். நான் ஒரு மாசங்கூடத் தவறினதில்லையே. பாருங்க, எனக்கு ரெண்டு கார்டுன்னு போட்டுருக்கு. ஒண்ணுல ஒன்றர வருசமாப் பாக்கின்னு இருக்கு. நீங்கதான பழசு முடிஞ்சிட்டுன்னீங்க?"

அறிக்கையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. காத்திருந்த அந்த இரண்டு செலவுகளும் நான் மூடிய பிறகு வந்து பழைய கணக்கில் ஏறியிருக்கின்றன. எதிர்க்க யாரும் இல்லை, கட்டவும் யாரும் இல்லை. மாதாமாதம் வட்டி, அபராதம், தவணை தவறியது என்ற குறி. எச்சரிக்கையெல்லாம் களவு போன சிம்முக்குப் போயிருக்கிறது. புது எண்ணை நான் புது கார்டுக்கு மட்டும்தான் ஏற்றியிருந்தேன்.

"கொஞ்சம் உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஃபைலை எடுத்தேன். புகார்ப் படிவம் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. "வெ. பேச்சியம்மாள்" என்ற கையெழுத்து, தேதி, எல்லாம். என் கை நடுங்கிற்று என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. கதவுப் பக்கமிருந்து யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன். அதுதான் உண்மை.

வேணு சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் பேனாவை ஸ்கேலுக்கு இணையாக நகர்த்தினார். மெல்லிய குரலில், "அவர் லேட்டாயிட்டல்லே பறஞ்ஞது? அது ஃபயலில் உண்டல்லோ" என்றார். தாமதமாகத்தானே வந்து சொன்னார்கள், அது ஃபைலில் இருக்கிறதே என்றார். பொய் சொல்லு என்று அவர் சொல்லவில்லை. ஒரு வாசலைக் காட்டினார், அவ்வளவுதான். அதன் வழியாகப் போனது நான்.

திரும்பி வந்து பேச்சியம்மாளின் எதிரில் உட்கார்ந்தேன்.

"நீங்க நாலு நாள் கழிச்சு வந்து சொன்னீங்க இல்லீங்களா. அதுக்குள்ள அவன் செலவு பண்ணிட்டான். அதான் பழைய கணக்குல வந்து நின்னுருச்சு."

"அப்ப அன்னைக்கே சொல்லிருந்தா?"

"இந்த நிலைமை வந்திருக்காதுங்க."

"அப்பா மறைச்சதாலதான்?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்பதற்கு எப்படி ஆட்டுவோமோ அப்படி.

அவள் அழவில்லை. காசாளர் கூண்டுக்குப் போய்ப் பழைய கணக்கின் பாக்கி முழுவதையும் அன்றே கட்டினாள். "இனி ஏறிரும்ல மேடம்?" என்று கேட்டாள். "மெல்ல ஏறுமுங்க" என்றேன். கட்டினாலும் தவறிய மாதங்களின் குறி அழியாது என்று எனக்குத் தெரியும். அதையும் சொல்லவில்லை. போகும்போது, "உதவி பண்ணதுக்கு நன்றி மேடம்" என்றாள்.

அந்த நன்றிக்குப் பிறகு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தலைமைக் கார்டு அலுவலகத்துக்கு எழுதினேன். வங்கியின் பிழையால் புகார் அனுப்பப்படவில்லை, கணக்கு தவறாக மூடப்பட்டது, பதிவைத் திருத்த வேண்டும் என்று கேட்டேன். "கிளையின் கவனக்குறைவு" என்று எழுதினேன். என் பெயரை எழுதவில்லை. திருத்தம் வந்துசேர ஐந்து மாதமானது. தவறிய குறிகள் நீங்கின, கட்டிய பணம் திரும்பி வந்தது. அதற்குள் அந்த வீட்டைச் சுற்றுலாத் தொழில் செய்யும் ஒருவர் வாங்கிவிட்டார். பணம் திரும்பியது பற்றி அவளுக்கு வங்கியிலிருந்து அச்சடித்த ஒரு கடிதம் போனது. ஏன் திரும்பியது என்று அதில் இல்லை. அவள் கேட்டு வரவுமில்லை. சில மாதத்தில் எனக்கு ஊர்ப் பக்கம் மாற்றல் கிடைத்தது. கேட்டு வாங்கிக்கொண்ட மாற்றல்.

ரம்யாவையும் மற்றப் பிள்ளைகளையும் அதற்கப்புறம் திட்டியதெல்லாம் இதனால்தான். என்னைத் திட்டிக்கொள்ள தைரியமில்லாமல் அவர்களைத் திட்டினேன்.

ரம்யா கேட்ட மூன்றாவது நாள் பொள்ளாச்சி போய், உடுமலை பஸ் பிடித்து, மறையூர் வழியாக மலையேறினேன். ரிசார்ட் வாசலில் கேட்டதும் வழி சொன்னார்கள். பேச்சியம்மாள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் இரண்டு அறை, வாடகை. நான் போனபோது வேலை முடிந்து அப்போதுதான் வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னை அடையாளம் தெரிந்து எழுந்தாள்.

"மேடம்! வாங்க, உக்காருங்க."

உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயந்து, நின்றுகொண்டே சொன்னேன். தாளில் இருந்த "ஒன்று", நீட்டிய விண்ணப்பம், ஃபைலில் கிடந்த படிவம், தலையை ஆட்டியது, எல்லாவற்றையும். முடித்ததும் அவள் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நாலு நாள் லேட்டானதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லையா?"

"இல்லீங்க. நான் முறையா மாத்திக் குடுத்திருந்தா, அந்தச் செலவு உங்க புதுக் கார்டுல வந்திருந்தாக்கூட உங்களுக்குத் தகவல் வந்திருக்கும், நீங்க அன்னைக்கே கட்டியிருப்பீங்க. ஒரு குறியும் விழுந்திருக்காது. வீடு போனது என்னாலதானுங்க."

"வீடு கெடக்கட்டும் மேடம்." அவள் குரல் மாறியது. "எங்கப்பாவ நான் என்ன பேச்சுப் பேசிருக்கேன் தெரியுமா? உங்களாலதான் தெருவுல நிக்கோம்னு சொன்னேன். இத்தன வருசமா சோறு வைப்பேன், மருந்து குடுப்பேன். ஒரு வார்த்த பேசுனதில்ல. அவரும் நாமதான் கெடுத்துட்டோம்னு நெனச்சு ஒடுங்கிப் போயிட்டாரு."

மன்னிச்சிருங்க என்று சொல்ல வந்ததை அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என்ட்ட வேண்டாம். உள்ள இருக்காரு. அவருட்ட சொல்லுங்க. மெல்லச் சொன்னாக் கேக்காது, காது போயிட்டு."

உள்ளே கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கும்பிட்டார். "பேங்க் மேடமா? வாங்க தாயி." வங்கிக்காரி வந்தால் இன்னும் ஏதோ பாக்கி என்று பயம்போல. 

சொன்னேன். அவர் காதில் எதுவும் விழவில்லை, மரியாதைக்குச் சிரித்தார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்தார். மளிகைக் கடையில் சாமான் வாங்க நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நாற்பது வருடத்தில் கஸ்டமர் முன்னால் நான் கத்தியதில்லை. அன்று கத்தினேன்.

"கார்டு தொலைஞ்சதால வீடு போகலீங்க! நான் தப்புப் பண்ணுனேன்! பண்ணிட்டு உங்க மேல போட்டுட்டேன்! நீங்க காரணம் இல்லீங்க!"

அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற மகளைப் பார்த்தார்.

"பேச்சி, இவுக என்ன சொல்லுதாக? அப்ப நான் இல்லையா?"

அவள் உள்ளே வந்து கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதருகே வாயை வைத்தாள்.

"நீங்க இல்லப்பா."

"என்னது?"

"நீங்க இல்லப்பா. நீங்க இல்ல."

அவர் மறுபடி மறுபடி கேட்டார். அவர் காதில் விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் சொன்னாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். போகச் சொல்லியோ இருக்கச் சொல்லியோ யாரும் என்னைக் கூப்பிடவில்லை.